கறியை விட்டுவிட வேண்டுமா? கொருக்குப்பேட்டை வீட்டுக் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது. கொருக்குப்பேட்டையில் நாலு பேர் உள்ள குடும்பம். வாரத்தில் நாலு நாள் கவிச்சி உண்டு. மூன்று நாள் ஒவ்வொரு கிலோ பிராய்லர், ஒரு நாள் மீன். கல்லூரியில் படிக்கும் மகள், "கறி தின்பதால்தான் உலகம் சூடாகிறது, பண்ணையில் நடப்பது கொடுமை, இனி வீட்டில் கறியே வேண்டாம்" என்கிறாள். பாட்டிக்கு ரத்தசோகை. மகள் சொல்வது உண்மையா, விட்டுத்தான் ஆக வேண்டுமா, விடாவிட்டால் எதை வாங்குவது என்று அம்மா கேட்கிறார்.

மகள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று பூமிச் சூடு, இன்னொன்று விலங்கு படும் பாடு. இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. சூட்டை மட்டும் பார்த்தால் மாட்டை விட்டுக் கோழிக்கு மாறச் சொல்வார்கள். துன்பத்தைப் பார்த்தால் கணக்கு அப்படியே தலைகீழ். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், "கறி நல்லதா கெட்டதா" என்ற சண்டை எந்த வீட்டிலும் முடிவதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னைக் குடும்பம் ஒன்று முதலில் குறைக்க வேண்டியது பிராய்லரையும் கூண்டுக்கோழி முட்டையையும். எல்லோரும் முதலில் விரல் நீட்டும் மாட்டுக்கறி, நம் ஊர்ச் சூழலில் அந்த வரிசையில் பின்னால்தான் வரும்.

சூட்டுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மனிதர்கள் வெளியிடும் வெப்ப வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் சொன்னது. 2023-ல் புதிய முறையில் கணக்கிட்டு 12 சதவீதம் என்றது. எப்படிப் பார்த்தாலும் சிறிய பங்கு இல்லை. எந்த உணவுக்கு எவ்வளவு என்று 2018-ல் 119 நாடுகளின் பண்ணைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதன்படி உலகச் சராசரியில் ஒரு கிலோவுக்கு, கறிக்காகவே வளர்க்கும் மாட்டுக்குச் சுமார் 100 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியீடு. ஆட்டுக்கறிக்கு 40, பால் மாட்டிலிருந்து வரும் கறிக்கு 33, கோழிக்கறிக்கு 10, முட்டைக்கு 5-க்குக் கொஞ்சம் குறைவு. நெல் வயலிலும் மீத்தேன் வருவதால் அரிசிக்கே 4.5. பட்டாணி வகைக்கு 1 தான்.

மகள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலின் முதல் எண்தான். காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கி, கறிக்கென்றே மாடு வளர்க்கும் பிரேசில் போன்ற நாடுகளின் கதை அது. நம் ஊரில் கறிக்கென்று மாடு வளர்ப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கடையில் தொங்குவது பால் வற்றிய எருமையும், உழவுக்கும் வண்டிக்கும் உதவாமல் போன காளையும்தான். அவை வாழ்நாளெல்லாம் தின்றது வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, பிண்ணாக்கு. இவற்றில் பெரும்பகுதி மனிதன் தின்ன முடியாதது. அந்த விலங்கு வெளியிட்ட மீத்தேனில் பெரும்பங்கைப் பாலின் கணக்கில்தான் எழுத வேண்டும். கறி அதன் கடைசி வரவு.

இந்த இடத்தில் பால் குடிக்கும் சைவர்களும் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள். மாடோ எருமையோ பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பிறக்கும் கன்றில் பாதி கிடா. டிராக்டர் வந்தபின் அந்தக் கிடாவுக்கு வேலை இல்லை. பால் வற்றிய தாயை இன்னும் பத்து வருடம் நிறுத்தி வைத்துத் தீவனம் போடச் சிறு விவசாயியால் முடியாது. அதை விற்ற காசில்தான் அடுத்த மாடு வாங்குகிறார். மாதவரம் பால் பண்ணையிலிருந்து காலையில் வரும் பாக்கெட்டும் புளியந்தோப்புக் கறிக்கடையும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள். பெரியமேட்டுத் தோல் மண்டி அதே சங்கிலியில் இன்னொரு கண்ணி. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பது தற்செயல் இல்லை. ஆகவே காலையில் காபி, தயிர், நெய் என்று இருந்துகொண்டு மாட்டுக்கறி தின்பவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் ஆகாது. நம் ஊரில் அந்த விரல் நீட்டலுக்குப் பின்னால் சூழலியலைவிடச் சாதிதான் அதிகம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலிவாகப் புரதமும் இரும்புச்சத்தும் கிடைக்கும் ஒரு உணவை, அதை நம்பி வாழும் மக்களின் தட்டிலிருந்து எடுக்கச் சொல்பவர், பதிலுக்கு என்ன தரப்போகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்காக மீத்தேன் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு எருமை ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேல் மீத்தேன் விடுகிறது. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் நிற்கும், ஆனால் நிற்கும்வரை கடுமையாகச் சூடேற்றும். மாடுகளின் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் அதனால் வரும் சூடும் பெரிதாக ஏறாது. இந்தியாவில் 1992-ல் 20 கோடியாக இருந்த மாடுகள் 2019 கணக்கெடுப்பில் 19 கோடி. எருமையோ 8.4 கோடியிலிருந்து 11 கோடியாகிவிட்டது. ஏறியது பாலுக்காக. சூட்டைக் குறைக்க நினைக்கும் வீடு பாலையும் நெய்யையும் பன்னீரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அளவு புரிவதற்காக ஒன்று. நிலக்கரியில் எடுத்த மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயு. ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 8 யூனிட். அதாவது ஒரு ராத்திரி ஏசியும் ஒரு கிலோ கோழிக்கறியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசிக்கும் எண்ணூர் மக்களிடம் போய், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கறிதான் பூமியைக் கெடுக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி கோழி. மகள் சொல்வதில் நூற்றுக்கு நூறு சரியான பகுதி இதுதான்.

பிராய்லர் குஞ்சு பொரிக்கும்போது சுமார் 40 கிராம். 35 முதல் 42 நாளில் 2 கிலோ. இந்த வேகத்துக்குக் காரணம் ஹார்மோன் ஊசி என்று ஊரே நம்புகிறது. அது உண்மை இல்லை. பத்தாயிரம் கோழிக்கு ஊசி போடும் கூலியே விலையைத் தின்றுவிடும். உண்மைக் காரணம் தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வு இனப்பெருக்கம். கனடாவில் 2014-ல் வெளிவந்த ஒரு சோதனையில், 1957-ஆம் ஆண்டு இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புது இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்றே, உடம்புதான் வேறு. அந்த உடம்புதான் அந்தக் கோழிக்கு நோய். நெஞ்சுக்கறி பெருக்கும் வேகத்துக்குக் கால் எலும்பு முற்றுவதில்லை, கடைசி வாரத்தில் பல கோழிகள் நடக்க முடியாமல் உட்கார்ந்தே கிடக்கும். இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்காமல் வயிற்றில் நீர் கோத்துச் சாவதும், நன்றாக இருந்த கோழி திடீரென்று மல்லாந்து விழுந்து சாவதும் பண்ணையில் அன்றாடம். உட்கார்ந்தே கிடப்பதால் தரையில் விரித்த நார்க்கழிவின் ஈரமும் அம்மோனியாவும் நெஞ்சுத் தோலையும் குதிகாலையும் சுடும். கடையில் கோழிக்காலை வாங்கும்போது குதியில் கறுப்புப் புண் தெரிந்தால் அது இந்த வெந்த காயம்தான்.

ஒரு கோழிக்குப் பண்ணையில் ஒரு சதுர அடி இடம். தின்னத் தூண்டுவதற்காக ராத்திரியிலும் விளக்கு எரியும். கறிக்கோழிக்காவது வயிறு நிறையத் தீனி உண்டு. அவற்றுக்குத் தாய்தகப்பனான கோழிகளின் நிலை இன்னும் மோசம். இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து முட்டையிடாமல் போகும் என்பதால், அவற்றுக்கு அளந்துதான் தீனி. வாழ்நாள் முழுக்கப் பசியோடு இருக்கும் கோழி போட்ட முட்டையிலிருந்துதான் நம் பிராய்லர் வருகிறது.

இதை வளர்க்கும் விவசாயியைத் திட்டுவதில் பொருள் இல்லை. கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடம் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்புதான். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. தீவனம் அதிகமாகச் செலவானாலோ சாவு கூடினாலோ கூலி குறையும். கோழிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்று அவர் நினைத்தாலும் அந்த முடிவு அவர் கையில் இல்லை.

தீவனக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 2 கிலோ கோழிக்கு மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்குமாகச் சுமார் 3.2 கிலோ போகிறது. அதில் புரதம் 600 கிராமுக்கு மேல். கோழி உரித்து, எலும்பு போக ஒரு கிலோ சதையில் கிடைக்கும் புரதம் 200 கிராம். மூன்று கொடுத்து ஒன்று வாங்குகிறோம். விலங்குகளில் இதுதான் சிக்கனமானது என்பது உண்மை. ஆனால் வைக்கோல் தின்ற எருமையைப் போல இது மனிதனுக்கு ஆகாததைத் தின்று வளரவில்லை. நாம் நேராகத் தின்னக்கூடிய தானியத்தில் போட்டியிடுகிறது. 2021-ல் இந்தத் தீவனம் போதாமல், மரபணு மாற்றிய சோயாவின் பிண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது. பெருந்தொழில் பண்ணை உள்ளூர்ப் பண்ணையாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆண்டிபயாடிக் விஷயம் ஹார்மோன் புரளி மாதிரி இல்லை. இதில் பயப்படக் காரணம் இருக்கிறது. நோய் வராமலிருக்கவும் எடை ஏறவும் தீவனத்திலேயே கலந்து கொடுக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகப் போடும் கொலிஸ்டினைக் கூடக் கோழிக்குப் போட்டார்கள். 2019-ல் இந்தியா அதை உணவு விலங்குகளுக்குத் தடை செய்தது. ஆபத்து எப்படி வருகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நன்றாக வேகவைத்த கறியில் கிருமி செத்துவிடும். மருந்துக்கு அடங்காத கிருமி நம்மிடம் வருவது பச்சைக்கறி தொட்ட கை, அதே பலகையில் நறுக்கிய வெங்காயம், கழுவும்போது சுற்றிலும் தெறிக்கும் தண்ணீர், பண்ணை எரு, கடைக்கழிவு வழியாக. ஆகவே கறியைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பாத்திரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி எடுங்கள். கறிக்கென்று தனிப் பலகையும் கத்தியும் வையுங்கள். பச்சைக்கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் வதை அதிகம் இருப்பது அங்கேதான். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழி வாழ்வது கம்பிக் கூண்டில். ஒரு ஏ4 தாள் 624 சதுர சென்டிமீட்டர். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 400 முதல் 450. சிறகை விரிக்க முடியாது, தரையைக் கீற முடியாது, முட்டையிட மறைவு கிடையாது. ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியைச் சுட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டை போடுவதில் உடம்பின் சுண்ணாம்பெல்லாம் ஓட்டுக்குப் போய் எலும்பு நொறுங்கும். முட்டை இனத்தின் சேவல் குஞ்சு கறிக்கும் ஆகாது என்பதால் பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட வெறுங்கூண்டை 2012-ல் தடை செய்தது, ஜெர்மனி 2022-ல் சேவல் குஞ்சைக் கொல்வதை நிறுத்தியது. நம் பிள்ளைகளின் சத்துணவு முட்டை அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதை நிறுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கூண்டை மாற்றச் சொல்லி அரசைக் கேட்பதுதான் சரி. ஏனென்றால் அந்த அளவில் வாங்குபவர் சொன்னால் பண்ணை கேட்கும்.

பழுப்பு ஓடு இருந்தால் நாட்டுமுட்டை என்று நினைக்காதீர்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையும் கூண்டிலிருந்து வரும். நாட்டுக்கோழியிலும் இதே கதை. சென்னையில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி கொட்டகையில் வளர்த்த கலப்பினம். உண்மையான நாட்டுக்கோழி ஒன்றரை கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். கால் மெலிந்து, செதில் முற்றி, நகம் தேய்ந்திருக்கும். நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்தி நிற்கும். விலை பிராய்லருக்குப் பக்கத்தில் இருந்தால் அது நாட்டுக்கோழியாக இருக்க வாய்ப்பே இல்லை. கலப்பினமானாலும் மெதுவாக வளர்வதால் அதன் கால் அதைத் தாங்கும். அந்த வகையில் பிராய்லரைவிட மேல்.

முட்டை ஓய்ந்த கோழி சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கறி நார்நாராக இருக்கும். குக்கரில் ஆறேழு விசில் வைத்தால் ரசத்துக்கும் சூப்புக்கும் பிராய்லர் அதன் பக்கத்தில் நிற்காது. முட்டை தின்னும் வீடு அந்தக் கோழியையும் தின்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கொல்லும் இடத்துக்கு வருவோம். இதில் வாங்குபவரால் இன்றே மாற்றக்கூடியது நிறைய. பல்லடத்திலிருந்து சென்னைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிரேட்டில் பத்துப் பன்னிரண்டு கோழி, தண்ணீர் கிடையாது. கடைக்கு வந்தபின்னும் அதே கூண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் சூடு தாங்கவில்லை என்று பொருள். கடைக்காரர் கழுத்தை அறுத்துப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் போடுகிறார். அது உள்ளே அடித்துக்கொண்டு இறக்கை முறிகிறது. கூட்டம் அதிகம் என்றால் ரத்தம் வடியும் முன்னே சுடுதண்ணீரில் முக்கிவிடுவார்கள். உயிர் போகாமல் வெந்நீருக்குள் போகும் கோழி உண்டு. இதற்கு மாற்று பெரிய இயந்திரமல்ல. தகரக் கூம்பு. தலைகீழாக விட்டால் கோழி சிறகடிக்க முடியாது, சீக்கிரம் அடங்கும். கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் ஒரே அறுப்பில் அறுபட வேண்டும், அதற்குக் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் ரத்தம் வடிய விட வேண்டும். "அண்ணே, அவசரம் இல்ல, ரெண்டு நிமிஷம் விட்டு சுடுதண்ணில போடுங்க" என்று சொல்லுங்கள். ரத்தம் நன்றாக வடிந்த கறி வெளுப்பாக இருக்கும், கவிச்சி நாற்றம் குறையும், கெட்டுப்போவதும் தள்ளிப்போகும். கூம்பு வைத்திருக்கும் கடை இருந்தால் பத்து ரூபாய் கூடப் போனாலும் அங்கேயே வாங்குங்கள். இறைச்சிக் கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகள் ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. தெருக்கடையில் கூண்டுக்கும் அறுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை போடுவதற்கு என்ன செலவு?

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதில் இன்னொரு விஷயம் உண்டு. பயந்து, அலைந்து, பட்டினியாக வந்த விலங்கின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும். அறுத்தபின் அந்தச் சர்க்கரைதான் புளிப்பாக மாறிக் கறியைப் பதப்படுத்த வேண்டும். அது இல்லாததால் கறி கறுத்து, இறுகி, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். சீக்கிரம் நாறும். அறுப்பதற்கு முன் ஒரு நாள் ஓய்வும் தண்ணீரும் கொடுத்த விலங்கின் கறி செந்நிறமாக, லேசான ஈரப்பளபளப்போடு இருக்கும். கடையில் கறுத்த கறியைப் பார்த்தால் அந்த விலங்கு கடைசி ராத்திரியை எப்படிக் கழித்தது என்று தெரிந்துகொள்ளலாம். ஆட்டுக்கறி வாங்கும்போது தொடையில் மாநகராட்சி முத்திரை மை இருக்கிறதா பாருங்கள். பெரம்பூர் ஆட்டுத்தொட்டியில் (இறைச்சிக் கூடத்தில்) கால்நடை மருத்துவர் பார்த்து விட்டதற்கு அதுதான் அடையாளம்.

மாட்டுக்கறியை வாங்குபவர் சட்டத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற காளையையும் எருமையையும் அறுக்கலாம். 2017-ல் ஒன்றிய அரசு சந்தையில் அறுப்புக்கு மாடு விற்பதைத் தடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் முதலில் தடை போட்டது.

உயிர்க்கணக்கில் மாட்டுக்கறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு எருமையில் நூறு கிலோவுக்குக் குறையாமல் கறி வரும். அதே நூறு கிலோவுக்குக் கோழி என்றால் எழுபது உயிர், அதுவும் வலியோடு வாழ்ந்த எழுபது உயிர். முழு விலங்கையும் தின்னும் வழக்கம் வடசென்னையில் இன்னும் உயிரோடு இருப்பது பெரிய விஷயம். போட்டி (குடல்), தலைக்கறி, கால் பாயா, ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் போனால்தான் ஒரு உயிரைக் கொன்றதற்குக் கணக்குச் சரியாகும். தொடைக்கறி மட்டும் கேட்பதுதான் வீண். கிழட்டு எருமைக்கறி வேகாது என்று ஒதுக்குபவர்கள், பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தடவி அரை மணி ஊறவிட்டு ஏழெட்டு விசில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஊறினால் கறி கூழாகிவிடும்.

மீன் பாவமில்லை என்று நினைத்து அதன் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடவும் முடியாது. காசிமேட்டு விசைப்படகின் மடிவலையில் விற்பனைக்கு ஆகாத பொடிமீனும் குஞ்சும் குவியும். அது கழசலாகக் காய்ந்து கோழித்தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிறது. நாளை வளர வேண்டிய சங்கராவும் வஞ்சிரமும் இப்படித் தீவனமாகிப் பிராய்லராக வந்து சேர்கிறது. வலையின் மடிக்கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இதற்காகத்தான். மத்தி, கவலை, நெத்திலி, கானாங்கத்தை வாங்குங்கள். ஒரு வருடத்திலேயே வளர்ந்து முட்டையிடும் சிறுமீன்கள் இவற்றில் அதிகம், பிடிக்கச் செலவாகும் டீசலும் குறைவு. கையளவு வஞ்சிரக் குட்டியும் பால்சுறாவும் வேண்டாம். சுறா முதிரவே பல ஆண்டு ஆகும், போடும் குட்டியும் சில. பழவேற்காடு, பொன்னேரி பக்கத்துக் குளத்து வன்னமை இறாலை விசேஷத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் நிலத்தடி நீரைக் கெடுப்பதும் மீன்தூள் தீவனமும் அதன் விலையில் சேர்வதில்லை.

கழிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2 கிலோ கோழியில் 600 கிராம் இறகும் குடலும் தலையுமாகக் கடையில் தங்கிவிடுகிறது. அது நம் பகுதி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாயில் விழுந்தால் கொசுவும் நாற்றமும் நமக்குத்தான். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனை வளர்க்கும் குட்டைக்குத் தீனியாகப் போனால் அது வேறு தலைவலி. "கழிவை யார் எடுக்கிறார்கள்?" என்று கடையில் கேளுங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால் கடைக்காரர் மூடிவைத்த டிரம் வைப்பார், வண்டிக்குக் கொடுப்பார்.

இப்போது அளவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ ஆளுக்கு நாளுக்கு 46 கிராம். 300 கிராம் அரிசியில் 20 கிராம், ஒரு பிடி பருப்பில் 7 கிராம், கொஞ்சம் மோரும் காயும் சேர்ந்தால் 30 கிராமைத் தொடும். மீதி 15 கிராம். நாலு பேருக்கு வாரத்துக்கு 420 கிராம் புரதம். எலும்பில்லாத கறியாகச் சொன்னால் 2 கிலோ. நீங்கள் இப்போது வாங்குவது அதற்கு மேல்.

வாரத்துக்குப் பிராய்லரை 3 கிலோவிலிருந்து 1 கிலோவாக்குங்கள். மாட்டுக்கறி தின்னும் வீடென்றால் அரை கிலோ, சிறுமீன் 1 கிலோ, கால் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை. 400 கிராமைத் தாண்டிவிடும். மாட்டுக்கறி ஆகாத வீட்டில் அதற்குப் பதில் மெதுவாக வளர்ந்த கோழியோ இன்னும் அரை கிலோ மீனோ. கறியைக் குறைத்தால் குழம்பு வெளுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். அரை கிலோ கறிக்குழம்பில் முள்ளங்கியோ முருங்கைக்காயோ மொச்சையோ போட்டுக் கறிச்சாறில் வேகவிட்டால் நாலு பேருக்குத் தாராளம். மொச்சையை ராத்திரியே ஊறவைத்துத் தனியாக முக்கால் பதம் வேகவைத்துச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கறி குழைந்தபிறகும் மொச்சை நறுக்கென்று நிற்கும். உங்கள் வீட்டுக்காக ஆண்டுக்கு 110 பிராய்லர் அறுபட்டது 40-க்குள் வந்துவிடும். வாரம் அரை கிலோ மாட்டுக்கறி ஆண்டுக்கு 26 கிலோ, ஒரு எருமையில் கால்வாசி.

பாட்டிக்குக் கறியை நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கறியில் உள்ள இரும்பைக் குடல் எடுத்துக்கொள்வது கீரையில் உள்ளதைவிட எளிது. பெரியவர்கள் ரத்தம் ஊற சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கொடுப்பது வெறும் நம்பிக்கை இல்லை. மண்ணீரலில் இரும்பு ஈரலைவிடவும் கூடுதல். வாரம் ஒருமுறை 50 கிராம் போதும். யூரிக் அமிலம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே இரும்பு கூடுதலாக ஏறும். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதையும் விடக் கூடாது. கறி அதற்கு மாற்று இல்லை.

மகள் முழுதாக விட நினைத்தால் தடுக்காதீர்கள். உயிருக்கு இரங்கி ஊனை விடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை, ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் அதைத்தான் சொன்னார். ஆனால் அவளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். கறியை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பன்னீராலும் கூண்டு முட்டையாலும் நிரப்பினால் அவள் எதற்காக விட்டாளோ அது நடக்காது. பருப்பு, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, சோயா என்று போனால்தான் பலன். பாலும் முட்டையும் சேர்த்து விடுவதாக இருந்தால் வைட்டமின் பி12 எந்தச் செடியிலிருந்தும் நம்பும்படிக் கிடைக்காது. மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். குறைபாடு உடனே தெரியாது. ஈரலில் சேர்ந்த இருப்பு இரண்டு மூன்று வருடம் தாங்கி, பிறகு கைகால் மரத்துப்போவதும் மறதியுமாக வரும். முதல் மாதமே தொடங்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் பி12 அளவும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.